கோடைப் பறவையும் குடைப் பயணியும்

வழிகாட்டியின் துணையோடு பறவை நோக்குதல் என்பது, இலைகளுக்குள் ஒரு பறவை இருப்பதாக ஒருவர் அடித்துச் சொல்ல, பணம் கொடுத்து வந்தவர்கள் இலைகளை மட்டும் கண்டுவிட்டுப் பறவையையே கண்டதாக ஒருவர்பின் ஒருவராக ஒப்புக்கொள்ளும் நாகரிகமான செயல் என்று வரையறுக்கத்தக்கது. அந்தமானில் இக்கலையைப் பயில விரும்புவோர் தங்குவதற்கு ஏற்ற இடம் ஹேடோ. போர்ட் பிளேரின், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரின், துறைமுகப் பகுதியான இங்குதான் சென்னையிலிருந்து புறப்பட்ட பயணிகள் கப்பல் ஏறத்தாழ 3 நாள் ஆடி அசைந்து வந்து அணைகிறது. இங்குள்ள குன்றின்மேல் மெகபோட் என்ற பறவையின் பெயர் தாங்கிய விடுதி ஒன்று உண்டு. முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்கும் தொல்லையே வேண்டாமென்று, மணலையும் மட்கும் இலைகளையும் மேடாகக் குவித்து, முட்டையை அதற்குள் புதைத்து, சூடேற்றும் பொறுப்பை மண்ணிடமே ஒப்படைத்துவிடும் புத்திசாலிப் பறவை அது. ஆனால் அது வாழ்வது வெகுதெற்கே நிக்கோபார்த் தீவுகளில் என்பதால், விடுதிக்கு வருபவர் காண்பது பெயர்ப்பலகையை மட்டுமே. ஆறுதலுக்கு ஒன்று உண்டு: அங்கிருந்து தெரியும் மவுண்ட் ஹாரியட் மலைக் காட்சிதான் பழைய செந்நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சாகியிருந்தது.

இத்தீவுகளில் பறவை நோக்கரின் முதல் பகை கடிகாரம். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட, அந்தமானோ அதற்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே கிடப்பதால், சூரியன் கடிகாரத்தை மதியாமல் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது; மே மாதத்தில் 5 மணிக்கு முன்பே உதித்து, மாலை 6 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஆகவே வழிகாட்டி, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பணும் சார்" என்றால், அது நள்ளிரவுக்கு அண்டை வீடான ஒரு நேரத்தைக் குறிக்கும். இரண்டாம் பகை கோடை. சென்னை அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் அதே மே மாதத்தின் நடுவில், தென்மேற்குப் பருவமழை இந்திய எல்லைக்குள் முதலில் கால்வைப்பது இத்தீவுகளில்தான் என்பதை, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திறங்கும் பயணி முதல் தூறலில் தெரிந்துகொள்கிறார். குடையை விரித்தால் பறவை பறக்கும், மடக்கினால் பைனாகுலர் நனையும். இரண்டுக்கும் நடுவே ஒரு தீர்வை எந்த நூலும் தரவில்லை.

மலைக்குச் செல்பவர்கள் சாத்தம் படகுத்துறையில் ஏறிப் பம்பூ ஃப்ளாட்டில் இறங்குகின்றனர். மணிப்பூர்ப் போர்க்கைதிகளின் நினைவாக 2021இல் மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றப்பட்ட மவுண்ட் ஹாரியட்டின் உயரம் சுமார் 383 மீட்டர். கொடைக்கானலுக்கு ஏறிப் பழகியவர் இதை மலை என்று சொல்ல முதலில் தயங்குவார், பாதி ஏறியதும் அந்தத் தயக்கம் மூச்சோடு போய்விடும். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு இம்மலையில் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு இறங்கியபோதுதான், அடிவாரப் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். அடுத்த ஆண்டே, மேயோவின் ஆட்சியில் உயர் அதிகாரியாக இருந்தவரும் பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவருமான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இத்தீவுகளின் பறவைகளைத் திரட்ட நிலவியலாளர்களோடு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் பறவை நோக்குவதற்குரிய கருவி துப்பாக்கி. கண்டேன், இல்லை என்ற வாதத்துக்கு இடமே இருந்ததில்லை.

இன்று வாதத்துக்குக் குறைவில்லை. மரத்தைக் கடிகார முகமாகப் பாவித்து, பறவை இருக்கும் திசையை மணிக்கணக்கில் சொல்வது வழிகாட்டிகளின் மரபு. "ரெண்டு மணியில, சார்" என்று அவர் கிசுகிசுக்க, குழுவில் ஒருவர் தம் கைபேசியில் நேரம் பார்ப்பதும் உண்டு. செந்நிறக் கொண்டையோடு கரிய உடல்கொண்ட அந்தமான் மரங்கொத்தி இதற்குள் நான்கு மணிக்குப் போய், கடிகாரத்தை விட்டே வெளியேறிவிடும். எஞ்சுவது, காலுறைக்குள் சத்தமின்றிக் குடியேறிய அட்டைகள். முயன்று தேடாமலே நெருக்கமாகக் காணக்கிடைக்கும் உயிரினம் அது ஒன்றே.

பறவை நோக்கர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் இனத்தை லைஃபர் என்பர். ஒரு நிலப்பகுதியில் மட்டுமே வாழும் இனம் ஓரிட வாழ்வி எனப்படும். அந்தமானின் பெருமை ஓரிட வாழ்விகளே. அந்தமான் கரிச்சான், அந்தமான் வால்காக்கை, அந்தமான் புல்புல் என்று பெரும்பாலான பறவைகளுக்கு வீட்டுப்பெயர்போல ஊர்ப்பெயர் முன்நிற்கும். இவற்றுள் அந்தமான் செம்போத்து தனிக் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் கொல்லைப்புற வேலியில் செம்போத்து வலம் போகிறதா இடம் போகிறதா என்று சகுனம் பார்த்ததோடு திரும்பிக்கொண்ட அதே மனிதர், தலையும் உடலும் மங்கிய பழுப்பாக இருக்கும் இந்த உறவினரைக் காணக் கடல் கடந்து வந்து, சேற்றில் மண்டியிட்டு, மூச்சை அடக்கிப் படமெடுக்கிறார். ஹேடோத் தெருக்களில் கூச்சலிடும் மைனாவை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது மனிதரால் கொண்டுவந்து விடப்பட்டது, அவரைப்போலவே வந்தேறி.

காட்டை விட்டு நீர்ப்பறவைகளை நாடுவோருக்கு ஆறு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேர்சொல்லும்படியான கல்பாங் ஆறு வடக்கு அந்தமானில் திக்லிப்பூர்ப் பக்கம் ஓடுகிறது. ஒருநாள் பயணத்தில் அங்கே போய்த் திரும்ப இயலாது. ஆற்றுக்குப் பதிலாகப் பயணிக்குக் காட்டப்படும் சிப்பிகாட் சதுப்பு, 2004 டிசம்பர் 26க்கு முன் சதுப்பே அல்ல. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ, வயல்களுக்குள் கடல் நுழைந்து திரும்பிப் போகவேயில்லை. அங்கே தம் வயலை இழந்தவர் சாலையோரம் நின்று, அதே வயலில் வாத்தைக் கண்டு குதூகலிக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, நகைச்சுவை சற்று நேரம் தலைகுனிந்து நிற்பதே முறை. கூட்டம் தேடுவது கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டுடைய அந்தமான் கிளுவையை. அதுவோ இரவில் மேய்ந்து பகலில் ஓய்வெடுக்கும் இயல்பினது. அதிகாலையில் எழுப்பப்பட்டு வந்தவர்கள் அதன் உறக்கத்தைப் பொறாமையோடு பார்த்து நிற்கின்றனர்.

இருட்டியபின் ஆந்தை. சிடியா டாப்பு காட்டோரம் அந்தமான் சிறு ஆந்தை குரல் கொடுக்கும். ஹியூம் அதற்குத் தம் சகபயணியான வேலன்டைன் பால் என்ற நிலவியலாளரின் பெயரைச் சூட்டினார். குரலைக் கேட்டாலே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பெரும்பான்மைப் பறவை நோக்கர் ஏற்ற விதி. பெரிய லென்ஸைச் சுமந்து வந்தவர்கள் மட்டும் இவ்விதியை ஏற்பதில்லை. அருகிலேயே குரலெழுப்பும் இன்னோர் ஆந்தை, பெருநிலத்து வேட்டை ஆந்தையின் உள்ளினமாக நெடுங்காலம் கருதப்பட்டு, பின்னர் தனி இனமாக உயர்த்தப்பட்டு, இன்று ஹியூமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆந்தை ஓர் இறகைக்கூட அசைக்கவில்லை. அதை முன்பே கேட்டவர்களுக்கோ வீட்டில் படுத்திருக்கையிலேயே ஒரு லைஃபர் கூடிவிட்டது. இதை உணர்ந்த வழிகாட்டிகள், ஊரில் பார்த்ததுதானே என்று பயணி ஒதுக்கும் பறவையையும் உள்ளினப் பெயரோடு குறித்துவைக்கச் சொல்கின்றனர்; எந்த ஆண்டில் எது பதவி உயர்வு பெறும் என்று யார் கண்டது?