அட்மிஷன் நடைபெறுகிறது

தங்கவயலின் ஊரிகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். வெளியூரிலிருந்து விசாரிப்பவர்களின் முதல் கேள்வி ஃபீஸ் பற்றியதாக இருப்பதில்லை. "கேஜிஎஃப்பா சார்? தங்கம் இன்னும் கிடைக்குதா?" 2018-ல் வந்த சினிமா செய்த உபகாரம். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ம் தேதியே மூடிவிட்டார்கள், இப்போது இங்கே மலையாக நிற்பது சயனைடு கழிவு மண் என்று விளக்கி முடிப்பதற்குள் இலவச டெமோ நேரம் தீர்ந்துவிடுகிறது. தங்க ஊர் வாத்தியாருக்கு எதற்குக் காசு என்று பாதி ஃபீஸுக்குப் பேரம் பேசிய அம்மாவும் உண்டு.

சோர்ந்து போகாமல் தொழில் நடத்த யூடியூபில் ஆயிரம் வழி சொல்கிறார்கள். விடியற்காலையில் எழு என்கிறார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலைப் பிடிக்கப் பாதி ஊர் இருட்டிலேயே எழுந்து ஓடுகிறது. உட்கார இடம் கிடைத்தவன்தான் அன்றைய சாதனையாளன். கண்ணாடி முன்னால் நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று சொல்லவும் சொன்னார்கள். சொன்னேன். "யாருகிட்டடா ஃபீஸ் கேக்குறே?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

இதே ஆன்லைன் பாடத் தொழிலில் இருக்கும் பெரிய கம்பெனிகளைப் பார்த்து உற்சாகம் பெறலாம் என்றால் அதுவும் கைகொடுக்கவில்லை. பக்கத்துப் பெங்களூரில் பிறந்து, 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கே ஸ்பான்சராக நின்ற பைஜூஸ், 2024-ல் திவால் வழக்கில் நின்றது. எனக்கு அந்தக் கவலை இல்லை. திவாலாவதற்கும் ஒரு அந்தஸ்து வேண்டியிருக்கிறது.

அடுத்த லைன் வீட்டு மாமா, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "மாமா, மூணு கிலோமீட்டர் ஆழத்துல வெந்துக்கிட்டு வேலை செஞ்சீங்களே, மோட்டிவேஷன் எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சங்குதான். ஊதினா போவோம். மனசு ஊதட்டும்னு உக்காந்திருந்தா ஆப்சென்ட் போட்டுடுவான்."

எனக்குச் சங்கு ஊத ஆளில்லை. மாலையில் நானே லிங்க் அனுப்பி, நானே முதலில் உள்ளே போய், நானே "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. திரையில் கறுப்புக் கட்டங்கள். "கேமராவை ஆன் பண்ணுங்கப்பா" என்றால் ஒரு கட்டம் காணாமல் போகும். "புரிஞ்சுதா?" என்றால் எங்கோ ஒரு குக்கர் விசில் அடிக்கும். ஃபீஸ் பேச்சை எடுத்தால் மட்டும் "சார், வாய்ஸ் பிரேக் ஆகுது" என்று ஏகோபித்த குரல். போதாக்குறைக்கு மின்வெட்டு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த தங்கவயலில், பித்தகோரஸ் கர்ணத்தைத் தொடும்போது கரெண்ட் போய்விடும்.

இந்த நிசப்தத்துக்கு மருந்து எங்கள் சுரங்கத்துக்குள்ளேதான் இருந்தது. 1950-களிலிருந்தே மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இங்கே இறங்கி, வானத்திலிருந்து பாய்ந்து வரும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆழம் போகப் போக எண்ணிக்கை குறைந்தது. 2.7 கிலோமீட்டருக்கும் கீழே கருவியை வைத்தபோது, இரண்டு மாதம் ஒரு மியூவான்கூட வரவில்லை. நானாக இருந்தால் 'அட்மிஷன் நடைபெறுகிறது' பலகையைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பேன். அவர்களோ, வேறெதுவும் வந்து தொந்தரவு செய்யாத இந்த இடம்தான் நியூட்ரினோவுக்குச் சரி என்றார்கள்! நியூட்ரினோ எப்படிப்பட்ட ஆசாமி? கோடி கோடியாக நம் உடம்பையே ஊடுருவிப் போகும், எதிலும் பட்டுக்கொள்ளாது. என் மாணவர்களுக்கு நான் நடத்தும் முக்கோணவியல்போல. ஜப்பான் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் கூட்டு சேர, 1965-ல் நியூட்ரினோ தன் தடத்தைக் காட்டியது. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு இதைப் பிடித்தது. போட்டி சென்டர் அந்தத் தொழிலிலும் உண்டு.

அதோடு விட்டார்களா? 1980 வாக்கில் 140 டன் இரும்புக் கருவியைக் கீழே அடுக்கி, புரோட்டான் எப்போது சிதையும் என்று காவல் காத்தார்கள். சந்தேகப்படும்படி சில தென்பட்டதோடு சரி. புரோட்டான் சிதைந்ததாக உலகத்தில் இன்றுவரை உறுதியான சான்று கிடையாது. 'அடுத்த மாசம் மொத்தமா குடுத்துடறோம் சார்' என்ற பெற்றோர் வாக்கையும் அந்தப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கதை தெரிந்ததிலிருந்து, ஆள் வராத நாட்களில் நோட்டில் 'வகுப்பு இல்லை' என்று எழுதுவதில்லை. தேதி போட்டு 'பதிவு: பூஜ்யம்' என்று எழுதுகிறேன். பார்க்க ஆராய்ச்சி மாதிரியே இருக்கிறது. அம்மாவும் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை.

போன வாரம் அப்படி எழுதப் போகும்போது புதுப் பெயர் ஒன்று திரையில் வந்து நின்றது. பதறிப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"சார், இது டான்ஸ் கிளாஸா?"

"இல்லம்மா, மேத்ஸ்."

"லிங்க் மாறி வந்துட்டேன் சார்."

"வந்தது வந்துட்டே. ஒரு இருபடிச் சமன்பாடு போட்டுட்டுப் போயேன்."