முப்பதே நாளில் கருத்து கந்தசாமி

பழைய புத்தகக் கடைகளில் ‘முப்பதே நாளில் இந்தி’, ‘முப்பதே நாளில் தையல்’ என்று மெலிந்த புத்தகங்கள் கிடைக்கும். வாங்கியவர் யாரும் முப்பத்தோராம் நாள் இந்தி பேசியதாகத் தகவல் இல்லை. இந்தப் பாடத்திட்டம் அப்படியல்ல. இதில் தோற்பவர் அரிது. சென்னையில் ஒரு வீடு, வாடகையானாலும் சரி, ஒரு கைப்பேசி, காலையில் காபிக்கும் குளியலுக்கும் நடுவே முக்கால் மணி நேரம். இவ்வளவு போதும். விஷயம் தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரிந்தால் கை தயங்கும்.

பாடம் 1: பூர்வீகத்தை நிறுவுதல்

கருத்து எடுபட வேண்டுமானால் முதலில் நீங்கள் மூத்த குடி என்று காட்டவேண்டும். இதற்கு வயது கணக்கில்லை, ஊருக்கு வந்த வருஷம்தான் கணக்கு. எந்த வட்டாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் “நாங்க வந்தப்ப இங்க ஒண்ணுமே கிடையாது சார், வெறும் ஏரி” என்று தொடங்குங்கள். வேளச்சேரியா, முகப்பேரா, அம்பத்தூரா என்று யோசிக்கவே வேண்டாம். சென்னையில் எங்கே கையைக் காட்டினாலும் ஏதோ ஓர் ஏரியின் மேல்தான் படும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றே ஒரு தெரு இருக்கிறது. போய் நின்று பார்த்தால் எதிர்வீட்டுப் பால்கனிதான் தெரியும். 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியதில் வியூ மட்டும் பெயரில் மிஞ்சியது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரிப் படுகையில்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. “ஏரியா இருந்த இடம்” என்று ஜூலையில் பெருமை பேசிய அதே வாயால் “வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு, கேக்க நாதியில்ல” என்று நவம்பரில் புலம்பவேண்டும். நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் பத்திரத்தில் ‘ஏரி உள்வாய்’ என்ற சொல் இருந்தால், அதைப் பற்றி மட்டும் கருத்து எதுவும் வேண்டாம்.

பயிற்சி: ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம். 1639ஆம் ஆண்டை நினைவுகூரும் அந்த நாளில், 1996லேயே பெயர் மாறிவிட்ட ஊரை மறுபடி மெட்ராஸ் என்று அழைத்து, கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஒரு பதிவு போடுங்கள். டிராம் வண்டி பற்றி ஒரு வரி கட்டாயம். டிராம் 1953லேயே நின்றுவிட்டது, நீங்கள் பிறந்தது 1978 என்றாலும் பாதகமில்லை. இந்த ஊரில் ஏக்கத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

பாடம் 2: மழையியல்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீங்கள் நீரியல் நிபுணர். கனஅடி என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் புழங்கப் பழகுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. “இருபத்திரண்டு தாண்டிடுச்சாம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் லிஃப்ட்டில் இருப்பவர்கள் தங்கள் தளம் வந்தும் இறங்கமாட்டார்கள்.

2015 என்பது உங்கள் போர்ப் பதக்கம். டிசம்பர் 1 இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி, அடையாற்றில் வெள்ளம், மொட்டை மாடி, பிரெட் பாக்கெட் என்று வரிசை மாறாமல் சொல்லவேண்டும். தண்ணீரின் உயரத்தை உங்கள் உடம்பால் அளந்து காட்டுங்கள். முதல் வருஷம் முழங்கால், ஐந்தாம் வருஷம் இடுப்பு. பத்து வருஷம் ஆகிவிட்டால் கழுத்து வரை அனுமதி உண்டு.

ரெட் அலர்ட் விஷயத்தில் இரண்டு கருத்துகளைத் தயாராக வைத்திருங்கள். மழை கொட்டினால், “முன்னாடியே தெரியாதா? என்ன பண்ணிட்டிருந்தாங்க?” கொட்டாவிட்டால், “சும்மா பயமுறுத்துறானுங்க, ஒரு நாள் லீவு வேஸ்ட்.” 2024 அக்டோபரில் இரண்டுமே ஒரே வாரத்தில் பயன்பட்டன. 15ஆம் தேதி கொட்டித் தீர்த்தது. 16ஆம் தேதி ரெட் அலர்ட் இருந்தும் எதிர்பார்த்த மழை வரவில்லை. அதற்குள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. பாலத்தில் நிறுத்தியவர்களைக் கண்டித்துப் பதிவு போடுவது நல்ல குடிமகனின் கடமை. உங்கள் காரைப் பாலத்தில் பத்திரமாக விட்டுவிட்டு வந்து போடுங்கள்.

பயிற்சி: மழைச் சண்டையில் கட்சிக்கு ஒரு சொல் போதும். ஒரு தரப்பை அடிக்க 2015இன் நிவாரணப் பொட்டல ‘ஸ்டிக்கர்’. மறு தரப்பை அடிக்க 2023 மிக்ஜாம் புயல் நேரத்து வடிகால் செலவு ‘நாலாயிரம் கோடி’. இரண்டையும் கலந்து பத்து வாக்கியம் எழுதுக. மழைநீர் வடிகால் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்ற விவரம் வாக்கியத்தின் ஓட்டத்தைக் கெடுக்கும். தவிர்க்கவும்.

பாடம் 3: நடுநிலை

அரசியல் பேசும்முன் சொல்லவேண்டிய மந்திரம் ஒன்று உண்டு: “நான் எந்தக் கட்சியும் கிடையாது, ஆனா...” இதில் ‘ஆனா’வுக்கு முன்னால் இருப்பது மங்கல வாழ்த்து. பின்னால் வருவதுதான் கொள்கை விளக்கக் கூட்டம். மாற்றுக் கருத்து வந்தால் பதில் யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உபி, சங்கி, தும்பி, அணில் என்று கட்சிக்கு ஒன்றாக நாலு டப்பாக்கள் தயாராக இருக்கின்றன. வந்தவரைத் தூக்கி ஒன்றில் போட்டு மூடினால் வேலை முடிந்தது. எதிலும் அடங்காதவராக இருந்தால் “இருநூறு ரூபா வந்துடுச்சா?” என்று கேளுங்கள். பதிவுக்குக் கூலி என்று சொல்லப்படும் அந்த இருநூறு இன்னும் ஏறவில்லை. ஆட்டோவுக்கு 2013ல் நிர்ணயித்த குறைந்தபட்சம் 25 ரூபாயை யாரும் மதிக்காத ஊரில், விலைவாசி தொடாத ஒரே கட்டணம் இதுதான்.

கருத்தின் எல்லை தூரமாக இருக்கட்டும். அமெரிக்க அதிபர் செய்த தவறு, இங்கிலாந்துப் பிரதமர் செய்திருக்கவேண்டியது, இவற்றில் தேறிவிட்டால் சொந்த வார்டுக்கு இறங்கவேண்டியதில்லை. இறங்கியும் பழக்கமில்லை. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்து, 2022 வரை சென்னைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அந்த ஐந்து வருஷமும் நமது கருத்துக் குழாய்களில் தண்ணீர் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் கவுன்சிலர் இல்லை என்பதை நம்மில் பாதிப்பேர் கவனிக்கவில்லை. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை தேர்தல் வந்தது. 200 வார்டுகளிலும் சேர்த்து வாக்குப்பதிவு 43 சதவீதத்துச் சொச்சம். மீதிப்பேர் சனி ஞாயிறை ஒட்டி ஈசிஆர் பக்கம் போய், “இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்க” என்று அங்கிருந்தே பதிவிட்டார்கள்.

பாடம் 4: வந்ததை அனுப்புதல்

சொந்தக் கருத்து தீர்ந்துபோகும் நாட்களும் வரும். மனம் தளரவேண்டாம், ஃபார்வர்டு இருக்கிறது. நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக வரும் செய்தி அதில் ஆதிகாவியம். அப்படி எதுவும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ சொல்லியாயிற்று. அதனால் என்ன, அந்த மறுப்பை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

வாட்ஸ்அப்காரர்கள் நம்மேல் கொஞ்சம் பொறாமைக்காரர்கள். 2018ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்குமேல் அனுப்பமுடியாது என்றார்கள். 2020ல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் என்றார்கள். மாமாக்கள் அசரவில்லை. ஒவ்வொன்றாக அனுப்ப ஓய்வூதியம் நேரம் கொடுத்திருக்கிறது. ஆபத்தான செய்தியாக இருந்தால் கீழே ‘வந்ததை அப்படியே அனுப்பியுள்ளேன்’ என்று போட்டுவிடுங்கள். பாம்பைப் பார்சலில் வைத்து ‘வந்த பாம்பு’ என்று எழுதி அனுப்பினால் கடி நம் பொறுப்பில்லை அல்லவா, அந்தக் கணக்கு.

பாடம் 5: செய்முறை வகுப்பு

இதுவரை ஏட்டுச் சுரைக்காய். இனி எங்கள் தெருவுக்கு வாருங்கள்.

ஒரு நாள் விடிகாலையில் ஏதோ ஒரு லாரிச் சக்கரம் ஏறி, வடிகால் மூடி உடைந்து உள்ளே போய்விட்டது. 7.10க்குக் குடியிருப்போர் குழுவில் படம் வந்தது. 7.12க்கு “ஓ மை காட்”. 7.15க்கு மாநகராட்சியின் வேலை என்றார் ஒருவர், 7.16க்குக் குடிநீர் வாரியம் என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற இன்ஜினியர் மாமா ஒலிப்பதிவில் வந்தார். கழிவுநீர்க் குழாய் என்றால் வாரியம், மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி. மூடி வட்டமா சதுரமா என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான்கு நிமிடம் விளக்கினார். மூடிதான் உள்ளே விழுந்துவிட்டதே என்று ஒருவர் கேட்க, அவர் எந்தக் கட்சி என்ற ஆராய்ச்சி தொடங்கியது. பத்து மணிக்குள் ஸ்டிக்கர் வந்தது, நாலாயிரம் கோடி வந்தது, சிங்கப்பூர் வந்தது. நானும் மூன்று பதிவு போட்டேன். ‘குழிக்கு மூடி இல்லை, வாய்க்குத்தான் வேண்டும்’ என்ற என் வரிக்குப் பதினான்கு கட்டைவிரல்கள். மதியம் யாரோ அந்தப் படத்தை மறுபடி உற்றுப்பார்த்து, ஓரத்தில் தெரிந்த இஸ்திரி வண்டியைக் கண்டுபிடித்தார்கள். “இந்த வண்டிதான் நடைபாதையையே அடைச்சிக்கிட்டு நிக்குது. எடுக்கச் சொல்லணும்.” அதுவரை எதிலும் ஒன்றுசேராத குழு இதில் ஒன்றுசேர்ந்தது. சாயங்காலம் கணக்குப் பார்த்தால் 112 செய்திகள். தீர்மானம் ஒன்று: வண்டியை அகற்றவேண்டும். குழியைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லை.

ஆறு மணிக்கு ஆறு சட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். குழிக்குள் ஆளுயரத்துக்கு ஒரு வேப்பங்கிளை செருகியிருந்தது. உச்சியில் சிவப்பு ஜாக்கெட் துணி.

“நீங்களா அக்கா வச்சீங்க?”

பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே இஸ்திரி வண்டி அக்கா சொன்னார். “வேற யாரு? எவனாவது உள்ள வுழுந்தா என் வண்டியத்தான எடுக்கச் சொல்வீங்க.”

வாட்ச்மேன் வழியாகச் செய்தி கீழே வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குச் சட்டைகளை எண்ணுவதுபோல் குனிய வேண்டியதாயிற்று.

“போன் போட்டீங்களா சார்?”

“யாருக்கு?”

“அதான் பத்தொம்பது பதிமூணு.”

மாநகராட்சியின் புகார் எண் 1913. ரிப்பன் கட்டடம் திறந்த வருஷமும் 1913தான். அந்தப் பொருத்தத்தைப் பற்றி நான் முன்பே ஒரு பதிவு போட்டு நாற்பது பேர் ரசித்திருக்கிறார்கள். ஒரு தடவையும் அழைத்ததில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அழைத்தேன். எடுத்த பெண் கட்சி கேட்கவில்லை, சிங்கப்பூர் கேட்கவில்லை. தெருப் பெயர் கேட்டார். சொன்னேன்.

“எந்த வார்டு சார்?”

நான் வானத்தைப் பார்த்தேன். பெட்டியைக் காலரில் அழுத்தியபடி, தலை நிமிராமல், அக்கா எண்ணைச் சொன்னார். நான் அதையே போனில் சொன்னேன்.

“பக்கத்துல அடையாளம் ஏதாச்சும்?”

தெருவில் இரண்டு அடுக்குமாடிகள், ஒரு பேக்கரி, ஒரு ஏடிஎம். ஆனாலும் வாயில் வந்தது அதுதான். “இஸ்திரி வண்டிக்கு நேர் எதிர்ல.”

நான்காம் நாள் புது மூடி வந்தது. குழுவில் யாரோ படம் போட்டு “நம்ம குரூப்போட பவர்” என்று எழுதினார்கள். முப்பத்தொரு கட்டைவிரல்கள். அதற்கு அடுத்த செய்தி: “சரி, அந்த வண்டி விஷயம் என்னாச்சு?”

இறுதித் தேர்வு
(மொத்த மதிப்பெண் 100)

1. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் எத்தனை அடி? (10)

2. ‘நான் எந்தக் கட்சியும் கிடையாது, ஆனா’ என்று தொடங்கி, மூச்சுவிடாமல் இரண்டு பக்கம் எழுதுக. (40)

3. அமெரிக்க அதிபருக்கு உங்கள் அறிவுரை யாது? (50)

4. உங்கள் வார்டு எண் என்ன? (மதிப்பெண் இல்லை. இதற்குச் சரியான விடை எழுதுபவர் ‘கருத்து கந்தசாமி’ பட்டத்துக்குத் தகுதி இழப்பார். பாடநூல் ஆசிரியருக்கும் இவ்விதி பொருந்தும்.)