சிலைக்கும் ஒரு செயலி

கேள்வி: தேரடி வீதியில் ஒருவர் பழைய வெண்கலச் சிலை ஒன்றைக் காட்டி விலை பேசினார். அது திருட்டுச் சிலையா என்று செல்போனில் பார்க்க முடியுமா?
- ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: பார்க்கலாம். இன்டர்போல் 2021-ல் வெளியிட்ட ‘ஐடி-ஆர்ட்’ செயலி இலவசம். சிலையைப் படமெடுத்தால், களவுபோன 50,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருட்களின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லும். பட்டியலில் இல்லை என்பதால் அது நல்ல வழியில் வந்த சிலை ஆகிவிடாது. புகார் போகாத திருட்டு எந்தப் பட்டியலிலும் ஏறாது. பழமையானதா, போலியா என்றும் செயலி சொல்லாது. அதை நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014-ல் திரும்பினார். கூடவே போன காகிதங்கள் பொய் பேசின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்றோ எடுத்துவைத்த புகைப்படம் மெய் பேசியது. சாமிக்கே சாட்சி சொன்னது ஒரு படம்!

சந்தேகம் வந்தால் வாங்காதீர்கள்; சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். மலைமேல் தீபம் ஏறும்போது உயர்த்துகிற செல்போனை, அனுமதி பெற்று உங்கள் ஊர்க் கோயில் உற்சவர் முன்பும் ஒருமுறை உயர்த்துங்கள். முன்பக்கம், பின்பக்கம், பீடம் மூன்றையும் எடுத்து, உயரத்தையும் குறித்து வையுங்கள்.