எலிக்கு எப்போது ஓய்வு?

கேள்வி: மருந்தைக் கணினியே வடிவமைத்துவிடுகிறதாமே! இனி ஆய்வக எலிகளுக்குப் பணி ஓய்வுதானா?

பதில்: பென்ஷன் பேப்பரில் எலி இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம். புரதம் எப்படி மடியும் என்று கணிப்பதில் கணினி கெட்டிக்காரன்தான். 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு கிடைத்தது. ஆனால் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்லையே மருந்தாக்கும்போது, இலக்கை அடையாளம் காணும் அதன் ஏற்பி எதைப் பிடிக்கும் என்பது பாதிக் கேள்விதான். வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்பதில்தான் உயிரே இருக்கிறது. புற்றுநோய்ச் செல்லின் மேஜ்-ஏ3 புரதத்தைக் குறிவைத்து, பிடிமானம் கூட்டப்பட்ட ஏற்பியோடு டி செல்களை அமெரிக்காவில் செலுத்தினார்கள். முதல் இரு நோயாளிகளும் இதயம் செயலிழந்து இறந்தார்கள். 2013இல் காரணம் வெளியானது: இதயத் தசையின் டைட்டின் புரதத் துண்டு ஒன்றையும் அந்த ஏற்பி பிடித்திருக்கிறது. மேஜ்-ஏ3 துண்டுக்கும் இதற்கும் ஒன்பது அமினோ அமிலங்களில் ஐந்துதான் ஒன்று. ஜாதகத்தில் இவ்வளவு பொருத்தம் என்றால் பெண் வீட்டார் யோசிப்பார்கள், ஏற்பி யோசிக்கவில்லை.

'எலியிடம் முதலில் சோதித்திருக்கலாமே?' என்பீர்கள். சாதாரண எலியின் செல்களில், புரதத் துண்டை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் மனித எச்.எல்.ஏ. மூலக்கூறு இல்லை, ஆகவே அதுவும் தப்பவிட்டிருக்கும். தட்டில் வளர்த்த சாதாரண இதயச் செல்களும் ஏமாற்றின. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய, துடிக்கும் இதயச் செல்கள்தான் குட்டை உடைத்தன. டைட்டின் மேல் சந்தேகம் விழ வைத்தது என்னவோ தரவுத்தளத் தேடல்தான். அதனால் சந்தேகப் பட்டியல் போடும் வேலையைக் கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், தீர்ப்பை அல்ல. கணினி மாதிரிகள் நாளுக்கு நாள் தேறுகின்றனவே என்றால், தேறட்டும். ஆனால் அவை படிக்கும் தரவில் ஒட்டிய ஏற்பி-துண்டு ஜோடிகளே அதிகம். ஒட்டாதவற்றை யாரும் அவ்வளவாகப் பதிவதில்லை.