கப்பல் ஏறுமுன் பாரிமுனையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? நாகலூர்க்காரர்களுக்கு ஒரு கையேடு

ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் தெரியும், கடல் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் காப்பி விற்ற பணத்தில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து, கார்டிலியா கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய படத்தைப் பேப்பரில் பார்த்ததிலிருந்தே உங்களுக்கு இந்த ஆசை. கப்பல் ஏறுமுன் கையில் அரை நாள் இருக்கிறது. அதற்குள் ஜார்ஜ் டவுனையும் அதன் கடைத்தெருக்களையும் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும். எப்படியும் நீங்கள் செய்யப்போவதைத்தான் நான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் பெரியப்பாவிடம் வழி கேளுங்கள். எழுபதுகளில், எம்.வி. சிதம்பரம் சிங்கப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், யாரையோ வழியனுப்பச் சென்னை போனவர் அவர். நாகலூரில் துறைமுகம் அறிந்த ஒரே மனிதர். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் மேப் பார்ப்பது பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு.

2. மூட்டை கட்டுங்கள். பெட்டி வேண்டாம், சாக்கு. சென்ட்ரலில் பொருள் வைப்பறை இருக்கிறது; பூட்டாத மூட்டையை அங்கே வாங்க மாட்டார்கள். சாக்காக இருந்தால்தான் நாள் முழுக்க அது உங்கள் தோளிலேயே இருக்கும். உள்ளே கமலா ஆரஞ்சு, பலாப்பழம் ஒன்று, சேலம் தட்டுவடை செட்டுக்கு வேண்டிய சாமான் மொத்தமும். கப்பலில் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்க மாட்டார்கள் என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? ஆதார் அட்டை பலாப்பழத்துக்கும் அடியில் இருக்கட்டும், பத்திரம். ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் மட்டும் உள்ளே வைக்காதீர்கள். கப்பலில் ஏசி இருக்குமாம். நாகலூரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

3. ரயில். ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி சேலத்தில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சென்ட்ரலில் இறக்கிவிடும். நம் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஓடுகிற ரயில், நமக்காக நிற்காதா என்ன? ஒண்டிக்கடையில் நிதானமாக டீ குடியுங்கள். ரயில் சேலத்துக்குள் நுழையும் நேரம் பார்த்து முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்புங்கள். இன்னும் பத்தொன்பதுதான்.

4. ரயில் போன பிறகு பஸ். “பஸ் நேரா பாரிமுனைக்கே போயிடும், இறங்கினா எதிரே துறைமுகம்” என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார் அல்லவா? அவர் சொன்னது சரிதான், 2002 வரைக்கும். பிறகு வெளியூர்ப் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போயின; 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் இப்போது தென்மாவட்டப் பஸ்களை வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து பாரிமுனை 30 கிலோமீட்டருக்கு மேல். கண்டக்டர் “கிளாம்பாக்கம், எல்லாம் இறங்குங்க” என்று கத்தும்போது அசையாமல் உட்கார்ந்திருங்கள். “நாங்க பாரிஸ்” என்று சொல்லுங்கள். வெளிநாடு போகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

5. மூர் மார்க்கெட். பெரியப்பா பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் வாங்கிய இடம். தாளில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். 1985 மே 30 அன்று எரிந்துபோனது. ஆனாலும் வழி கேட்டால் ஜனங்கள் கை காட்டுவார்கள், ஏனென்றால் சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும் டிக்கெட் கவுண்டரில் பழைய புத்தகம் கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுவார்கள். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள், பாவம்.

6. கொத்தவால் சாவடி. காய்கறி இங்கேதான் மலிவு என்று தாளில் இருக்கிறது. காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. நீங்களும் போங்கள். கப்பல் கிழக்கே, கோயம்பேடு மேற்கே. ஆனால் முருங்கைக்காய் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். கடலில் முருங்கைக்காயை வைத்து என்ன செய்வது என்று வீட்டம்மா கேட்டால், அதைக் கப்பலில் பார்த்துக்கொள்ளலாம்.

7. திரும்பி வந்ததும் மிளகு விலை விசாரியுங்கள். கொத்தவால் சாவடிப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் இன்னமும் நடக்கிறது. மூட்டை மூட்டையாக மிளகு, சீரகம், மஞ்சள். நம் வீட்டுச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் காய்த்ததாகக்கூட இருக்கலாம். அப்படித் தோன்றியவுடன் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். விலையைக் கேளுங்கள். நீங்கள் மலையில் விற்ற விலையைச் சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் லாரி வாடகை, சுமைகூலி, கமிஷன், கடை வாடகை இதெல்லாம் உண்டு என்று கடைக்காரர் பொறுமையாக விளக்குவார். பொறுமையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து வருஷமாக உள்ளூர் வியாபாரி மேல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் இங்கே, இவரிடம், இந்த ஒரு மணி நேரத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் டவுனில் நீங்கள் நின்று பேசிய ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். கடைசியில் கால் கிலோ வாங்குங்கள், அவர் விலைக்கே.

8. இனி குடும்பத்தைப் பிரியுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு என்பது இந்த ஊரின் ஒழுங்கு. அதை உங்கள் குடும்பத்தின் மேல் பிரயோகியுங்கள். அத்தை பத்ரியன் தெருவில் பூவுக்கு. மாமா ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க (பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை, இருந்தாலும்). சின்னவன் தங்கசாலைத் தெருவில் ஜிலேபிக்கு. நீங்கள் கோடவுன் தெருவுக்குப் போய், துணியைக் கட்டுக் கட்டாக விற்கும் கடையில் ஒரே ஒரு பிளவுஸ் பிட் கேளுங்கள். எல்லோரும் ஒரு மணிக்கு “அந்த டீக்கடையில்” சந்திப்பதாக ஏற்பாடு. எந்த டீக்கடை என்று யாரும் கேட்கக் கூடாது. சார்ஜ் உள்ள ஒரே போன் சின்னவனிடம் இருக்கட்டும்.

9. வழி தவறிவிட்டதா? கலங்கரை விளக்கம் பார்த்து நடந்தால் துறைமுகம் வந்துவிடும் என்று தாள் சொல்கிறது. நல்ல யோசனை. 1894 முதல் விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றத்தின் குவிமாடத்தில். 1977-ல் மெரினாவில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். எனவே நீங்கள் போய்ச் சேருவது ஒன்று நீதிமன்றம், இல்லையென்றால் கடற்கரை. நீதிமன்றமாக இருந்தால், 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதைச் சொல்லும் கல்வெட்டு மதிலில் இருக்கிறது. தேடிப் பிடித்துப் படம் எடுங்கள். இந்தப் பயணத்தில் கப்பல் சம்பந்தப்பட்ட படம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

10. பர்மா பஜார். அறுபதுகளில் பர்மாவை விட்டு வந்தவர்கள் ராஜாஜி சாலையோரம் போட்ட கடைகள். எதிரே துறைமுக மதில். இவ்வளவு அருகில் வந்த பிறகு அவசரம் எதற்கு? இஸ்திரிப் பெட்டி, கத்தி செட், கரண்டில் ஓடும் கெண்டி மூன்றையும் வாங்குங்கள். மூன்றையும் கப்பல் ஸ்கேனர் கண்டுபிடித்து எடுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே பேரம் பலமாக இருக்கட்டும். பாதி விலைக்குக் கேளுங்கள். முறையுங்கள். திரும்பி நடங்கள். கூப்பிடுவார்கள்.

11. அத்தோ சாப்பிடாமல் போகாதீர்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், மேலே மிளகாய்த் தூள். கூடவே வாழைத்தண்டு சூப். சாயங்காலம்தான் கடைகள் களைகட்டும். காத்திருங்கள். அலையில் ஆடப்போகும் வயிற்றுக்கு மூன்று தட்டாவது வேண்டும்.

12. இப்போது துறைமுக வாசல். செக்-இன் முடிந்துவிட்டது என்பார்கள். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலத்தில் ஜனங்கள் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பல் ஏறினார்கள் என்று காவலரிடம் எடுத்துச் சொல்லி, ஒரு மசூலாப் படகு கேளுங்கள். இல்லை என்றால் பேரத்துக்கு வாருங்கள். “அஞ்சு நிமிஷம் சார்” என்று தொடங்கி நாலுக்கு இறங்குங்கள். மூன்றுக்கு இறங்குங்கள். முறையுங்கள். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடங்கள்.

கூப்பிடவில்லையா? இன்னும் கொஞ்சம் நடங்கள். அத்தோ கடை திறந்துதான் இருக்கும், அத்தையும் அங்கேதான் இருப்பார்.