விசாரிச்சிட்டு வாங்குவோம்

எங்கள் வாசுதேவநல்லூரில் யார் எதை வாங்குவதானாலும் முதலில் விசாரிப்பு அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். மிக்சி, மோட்டார் பம்பு, மூக்குக்கண்ணாடி, எதுவானாலும் சரி. அவர் எதையும் வாங்கியதில்லை. அதனால் எந்தக் கம்பெனிமீதும் அவருக்குப் பாரபட்சம் கிடையாது.

இரண்டு வருஷமாக அவர் விசாரித்து வருவது வேக்குவம் கிளீனர். காரணம், மணி. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம் நாய். “2005-லயே தபால்தலையில வந்த சாதி வே” என்பார். வீட்டிலோ பழைய காலத்துச் சிவப்புத் தரை. உதிர்கிற ஒவ்வொரு வெள்ளை முடியும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனி, ஆடியில் சாரல் காற்று வாசலில் நுழைந்து புறவாசலில் வெளியேறும்போது பாதி மணியும் கூடவே பறந்து போவதுபோல் இருக்கும்.

வடக்கே பஸ் ஏறினால் ராஜபாளையம், தெற்கே ஏறினால் தென்காசி. வாரத்துக்கு ஒரு திசை. சட்டைப்பையில் இரண்டு பொட்டலம்: ஒன்றில் கோயில் திருநீறு, மற்றதில் சோதனைக்கு மணியின் முடி. ஒரு கடையில் பொட்டலம் மாறிப்போய், கடைப்பையன் பக்தியோடு பிரித்து நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டான்.

“இது 1600 வாட்ஸ் சார், சூப்பரா இழுக்கும்.”

“வாட்ஸ் கரண்டு குடிக்கிற கணக்கு தம்பி, இழுக்கிற கணக்கு இல்ல. என் மச்சினன் நாலு ஆள் சாப்பாடு சாப்பிடுதான். கிணத்துல ஒரு வாளி இழுக்கச் சொல்லு பாப்போம்.”

பையன் அடுத்த மிஷினுக்கு நகர்வான். அண்ணாச்சி விடமாட்டார். பிரஷ் உருளையில் முடி சுற்றிக்கொண்டால் கழற்ற வருமா? பை வைத்ததா, டப்பா வைத்ததா? டப்பா என்றால் கொட்டும்போது தூசி முகத்திலேயே திரும்பி அடிக்குமே? மழையில் நனைந்து வந்த மணி சேற்றை உதறினால், காய்ந்த குப்பைக்கு மட்டும் உள்ள மிஷின் என்ன செய்யும்? ஹெப்பா ஃபில்டர் அசலா? அசல் என்றால் 0.3 மைக்ரான் தூசியில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். “மீதி 0.03 எங்க போகும்?” என்று கேட்டதில்தான் ஒரு மேனேஜர் டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

தானாக ஓடும் ரோபோவையும் அவர் விட்டுவைக்கவில்லை. “ராத்திரி மணி அவசரத்துல நடுவீட்ல இருந்து வச்சிட்டான்னு வையி. உம்ம ரோபோ விடியதுக்குள்ள அதைச் சாணி மெழுகுத மாதிரி வீடு பூரா மெழுகிரும்லா?” நியாயமான கேள்விதான். பல நாடுகளில் இப்படி மெழுகியும் இருக்கிறது.

கடைசியில் விலை வரும். கப்பம் கட்ட மறுத்த பூலித்தேவனின் நெற்கட்டான்செவல் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஜி.எஸ்.டி. என்ற சொல் காதில் விழுந்ததும் அண்ணாச்சிக்கு அந்த மண்வாசனை வந்துவிடும். “விசாரிச்சிட்டு வாரேன்” என்று படியிறங்கிவிடுவார்.

எங்களூர்ச் சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீஸ்வரருக்குப் பாதித் திருமேனி அம்பாள். அண்ணாச்சி வீட்டிலும் பாதிக்குப் பாதிதான்: ஆராய்ச்சி அவர் பாதி, பெருக்குவது மதினி பாதி. “இந்த மயிருக்கா இத்தனை அலைச்சல்?” என்று மதினி ஒருநாள் கேட்டார். எந்தப் பொருளில் கேட்டார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

அண்ணாச்சி சரித்திரத்தில் இறங்கினார். “அமெரிக்காவுல ஸ்பாங்லர்னு ஒருத்தன், கட்டடம் கூட்டுற வேலை. தூசி ஆகாம இழுப்பு வந்து, ஃபேன் மோட்டாரையும் விளக்குமாத்துக் கம்பையும் தலையணை உறையையும் சேத்துக் கட்டி இந்த மிஷினை உண்டாக்கினான். 1908-ல பேடண்ட்.”

“அப்ப அவனும் விளக்குமாத்தைத்தான பிடிச்சிருக்கான்?” என்று மதினி ஈரத்துணியைப் பிழிந்தார். ஈரத்துணிக்கு நாய்முடி பறக்காமல் ஒட்டி வந்துவிடும். அது அண்ணாச்சியின் நோட்டில் இல்லாத மாடல்.

இதற்குள் அவர் யோசனையைக் கேட்டு எங்கள் தெருவிலேயே மூன்று பேர் வாங்கிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மிஷினை இரவல் வாங்கி, மணி படுத்திருந்த திண்ணையருகே வைத்து சுவிட்சைப் போட்டார். போட்ட மாத்திரத்தில் மணி நடைவாசலைத் தாண்டித் தெருமுனைக்குப் போய்விட்டது. ராத்திரிச் சோற்றுக்குத்தான் திரும்பியது.

மறுநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். “பாரும் வே, நேத்து பூரா ஒரு முடி விழல. நல்ல மிஷின்!”

நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘இழுவை: சுமார். சத்தம்: மிக நன்று’ என்று எழுதியிருந்தார்.