கலெக்‌ஷன் சார்

கோயம்புத்தூர் பக்கம் ஏதாவது ஒரு பம்புசெட் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். சேல்ஸ்காரர் போனில் அதட்டிக்கொண்டிருப்பார். சர்வீஸ்காரர் சலித்துக்கொண்டிருப்பார். முதலாளி யாரிடமோ கத்திக்கொண்டிருப்பார். ஒரே ஒருவர் மட்டும், "அம்மாவுக்கு முட்டிவலி இப்பத் தேவலைங்களா?" என்று உருகிக்கொண்டிருப்பார். அவருக்குத்தான் எதிர்முனையிலிருந்து பணம் வரவேண்டியிருக்கிறது. அவர்தான் கலெக்‌ஷன் சார்.

விசிட்டிங் கார்டில் 'கமர்ஷியல் கலெக்‌ஷன்ஸ் அனலிஸ்ட்' என்று அச்சடித்திருக்கும். வீட்டுக்கடன், வண்டிக்கடன் வசூலிக்க ஆள் அனுப்புகிறார்களே, அந்த ரகம் வேறு. அங்கே கடன் வாங்கியவர் பயப்படுவார். இங்கே கேட்கிறவர்தான் பயப்படவேண்டும். சரக்கு எடுத்த டீலரிடம் பணம் வாங்கவேண்டும். அவர் மனம் கோணக் கூடாது. அவருடைய அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாது. எல்லாம் இந்த மாதத்துக்குள் நடக்கவேண்டும். இந்த நான்கில் எந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாலாவதையும் சேர்த்துச் செய்வதற்குத்தான் சம்பளம்.

காலையில் வந்ததும் அவர் முதலில் திறப்பது ஏஜிங் ரிப்போர்ட். வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியல் அது: 0–30 நாள், 31–60, 61–90, 90க்கு மேல். வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, மனிதர்களின் பெயரும் முகமும் அவருக்கு மறந்துபோயின. கல்யாண மண்டபத்தில் யாராவது சிரித்தபடி எதிரே வந்தால், "உடுமலை, 74 நாள், நாலே கால் லட்சம்" என்றுதான் முதலில் ஞாபகம் வரும். பெயர் பந்தியில் உட்கார்ந்த பிறகு வரும். வந்தவரும் கில்லாடி, பாயசம் வருவதற்குள் எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

அவர் தொழில் செய்கிற அழகைக் கேட்கவேண்டுமென்றால் போனில்தான் கேட்கவேண்டும்.

"வணக்கமுங்க. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேனுங்க. இப்பத்தான் உங்களை நெனச்சேன், நீங்களே கூப்பிட்டுட்டீங்க."

இது பொய் என்பது இருவருக்கும் தெரியும்.

"மழை கிழை உண்டுங்களா அங்க?"

"அதை ஏனுங்க கேக்கறீங்க!"

பம்பு வியாபாரத்தில் மழையைப் பற்றி விசாரிப்பது ஆபத்து. மழை பெய்தால், தண்ணீர்தான் இருக்கிறதே, புது மோட்டார் எதற்கு என்று விவசாயி கடைப்பக்கம் வரமாட்டார். பெய்யாவிட்டால், கிணற்றிலேயே தண்ணீர் இல்லை, மோட்டார் எதற்கு என்று வரமாட்டார். அளவாகப் பெய்தால் வருவார்; மோட்டாரைக் கடனுக்கு எடுத்துப் போவார்; வெள்ளாமை வீடு வந்த பிறகு பணம் தருவார். ஆக, வானம் எப்படி நடந்துகொண்டாலும் டீலரிடம் காரணம் இருக்கிறது. கலெக்‌ஷன் சார் இத்தனையையும் உச்சுக்கொட்டிக் கேட்டுவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அப்புறம்ங்க…" என்பார்.

இந்த 'அப்புறம்ங்க'தான் போன் போட்டதற்குக் காரணம். இதுவரை பேசியதெல்லாம் இதற்குப் போட்ட பாதை.

"அப்புறம்ங்க… அந்தப் பழசு ஒண்ணு ரெண்டு பில்லு நிக்குதுங்க."

பாக்கி என்றோ கடன் என்றோ அவர் வாயிலிருந்து வராது. எப்போதும் 'பழசு'தான். அந்தப் பழசு மூன்றரை லட்சமாக இருக்கும். ஒண்ணு ரெண்டு என்பது ஏழு பில்லாக இருக்கும்.

"பாத்துட்டேனுங்க. திங்கக்கிழமை போட்டு உட்டர்றனுங்க."

சாதாரண ஆள் இங்கே நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவான். நம்மவர் வைக்கமாட்டார். குரலில் தேன் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல், "எந்தத் திங்கக்கிழமைங்க?" என்று கேட்பார். அனுபவம் பேசுகிறது.

தேதி கிடைத்ததும் எக்செல்லில் 'கமிட்மென்ட்' என்ற கட்டத்தில் அதை ஏற்றுவார். அந்தக் கட்டத்தை இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரே பார்ட்டி சொன்ன திங்கட்கிழமைகள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும்.

திங்கட்கிழமையை விட்டு வேறு கிழமை கேட்கலாமே என்றால், மற்ற கிழமைகளைப் பஞ்சாங்கம் எடுத்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை பணம் வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை மகாலட்சுமியை அனுப்பலாமா? அஷ்டமியும் நவமியும் ஆகாது. ஆடியில் வியாபாரம் இல்லை. ஆவணியில் சொந்தத்தில் கல்யாணம். ஐப்பசியில் வேலையாட்களுக்குத் தீபாவளி போனஸ். தையில் கடை லீவு. மாசி, பங்குனியில் ஊர் நோம்பி. எல்லாம் கழித்து மிஞ்சுவது ஏதாவது ஒரு புதன்கிழமை காலை பதினொன்றிலிருந்து, ராகுகாலம் தொடங்கும் பன்னிரண்டு மணி வரை. அந்த ஒரு மணி நேரமும் ஓனர் பேங்குக்குப் போயிருப்பார்.

செக் காலத்தில் சாக்குகளுக்கும் ஒரு கலைநயம் இருந்தது. செக் கூரியரில் வந்துகொண்டே இருக்கும். வந்து சேர்ந்தால் கையெழுத்து ஒத்துப்போகாது. கையெழுத்து ஒத்துப்போனால் எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் ஒரு தொகையும் இருக்கும். ஜனவரி மாதத்துச் செக்கில் போன வருஷத்துத் தேதி இருக்கும். 2019 டிசம்பரில் நெஃப்ட் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் என்று வந்தது. அடுத்த டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்.ஸும் அப்படியே ஆனது. 'பேங்க் லீவுங்க' என்ற சாக்கு செத்தது என்று கலெக்‌ஷன் சார் அன்றைக்கு ஆபீஸுக்கு லட்டு வாங்கிவந்தார். அந்த லட்டு தீர்வதற்குள் புதுசு பிறந்துவிட்டது: "ஓ.டி.பி. பையன் நம்பருக்குப் போகுதுங்க. பையன் பெங்களூர்ல இருக்கான். அவன் தூங்கறான்."

பணம் வராததற்கு வெளியூர் டீலர் ஒரு காரணம் என்றால், உள்ளூர்க் காரணம் பக்கத்து அறையிலேயே இருக்கிறது. அதற்குப் பெயர் சேல்ஸ். மாதக் கடைசியில் டார்கெட் முடிக்கவேண்டி, கேட்டவருக்கெல்லாம் சரக்கை ஏற்றி அனுப்பி, இன்சென்டிவ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கோவா போகிறவர் சேல்ஸ்காரர். அவர் விட்டுப்போன பணத்தைத் தேடி, பஸ்ஸில் கோபிக்குப் போகிறவர் கலெக்‌ஷன் சார். பழைய பாக்கி நின்றால் புது ஆர்டரை ஹோல்டில் போடும் அதிகாரம் கம்ப்யூட்டரில் இவருக்கு உண்டு. முப்பத்தோராம் தேதி சாயங்காலம் சேல்ஸ்காரர் ஓடிவருவார்.

"சார், ரிலீஸ் பண்ணிக் குடுங்க. லாரி நிக்குது. பார்ட்டி தங்கமான மனுஷன் சார்."

"தங்கந்தானுங்க. அதான் தொண்ணூறு நாளா லாக்கர விட்டு வெளியவே வரமாட்டேங்குது."

கடைசியில் முதலாளி வந்து ரிலீஸ் பண்ணச் சொல்வார். அதே முதலாளி ஐந்தாம் தேதி மீட்டிங்கில், "இவ்வளவு அவுட்ஸ்டாண்டிங் எப்படி ஏறிச்சு?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது இந்த உத்தியோகத்துக்கு அடிப்படைத் தகுதி.

சட்டத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பில் போட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுக்காவிட்டால், எடுத்துக்கொண்ட ஜி.எஸ்.டி. வரவை அவர் திருப்பிக் கட்டவேண்டும். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு இருக்கிறது: தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், அப்புறம் கோர்ட், இரண்டு வருஷம் வரை உள்ளே போகவும் வழி உண்டு. இதெல்லாம் ஐயனார் கோயில் அரிவாள் மாதிரி. வாசலில் நட்டுவைத்திருப்பது பார்ப்பதற்கு. பிடுங்கி வீசினால் அப்புறம் அந்த ஊரில் நடமாட முடியாது. நோட்டீஸ் விட்டால் பணம் என்றைக்கோ வரலாம், டீலர் அன்றைக்கே போய்விடுவார். ஆகவே நம்மவர், "180 நாள் ஆகப்போகுதுங்க, உங்களுக்கு வீண் நஷ்டம் வந்துறக் கூடாதுன்னுதான் கூப்புட்டேன்" என்று அவர் நஷ்டத்துக்காக இவர் கண்கலங்கி, அரிவாளைத் துடைத்து வைத்துவிடுவார்.

சட்டத்தில் அவர் மெய்யாகவே மதிப்பது ஒன்றைத்தான், அது காலவரையறைச் சட்டம். மூன்று வருஷம் போனால் பாக்கியைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்குள் 'இவ்வளவு தரவேண்டியது உண்மை' என்று டீலர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து மூன்று வருஷம் புதிதாக ஓட ஆரம்பிக்கும். அதனால்தான் மார்ச் மாதத்தில் பேலன்ஸ் கன்பர்மேஷன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். "பணமெல்லாம் இப்ப வேண்டாமுங்க, ஆடிட்டருக்கு ஒரு கையெழுத்து, ஒரு சீல், அவ்வளவுதான்" என்பார். பணம் வேண்டாம் என்று கலெக்‌ஷன்காரர் சொல்வதைக் கேட்ட சந்தோஷத்தில் சில டீலர்கள் போட்டுவிடுவார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் மட்டும், "நம்ம லெட்ஜருக்கும் உங்க லெட்ஜருக்கும் 412 ரூபா இடிக்குதுங்க. அதைப் பார்த்துட்டு மொத்தமா முடிச்சுக்கலாம்" என்பார்கள். அந்த 412 ரூபாயின் நிழலில் நாலு லட்சம் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கும்.

நேரில் போவது தனி வித்தை. டீலரின் கடையில் ஒயர் கம்பெனி, பைப் கம்பெனி, ஸ்டார்ட்டர் கம்பெனி என்று பத்துப் பேர் பையோடு காத்திருப்பார்கள். அன்றைக்குக் கல்லாவில் இருப்பது மூன்று பேருக்குத்தான் காணும். பத்துப் பேருக்கும் தரவேண்டிய கடமை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பில் இருக்கிறது. யார் அந்த மூன்று பேர் என்பதில்தான் இந்த உத்தியோகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம்மவரைக் கவனியுங்கள். கல்லாவைப் பார்க்கமாட்டார், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படத்தைப் பார்ப்பார். டீ வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்; சொன்னால் கோபமாக வந்திருக்கிறார் என்று ஆகிவிடும். வாங்கிய டீயைக் குடிக்கவும் மாட்டார். குடித்து முடித்தால் கிளம்புவதற்கு அதுதான் நேரம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடை படியப் படிய, வருகிற விவசாயிக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் சரிப்படும் என்று தானே எடுத்துச் சொல்லி, இரண்டு உருப்படி விற்றுக்கொடுப்பார். பில் பணம் கல்லாவில் விழுகிற சத்தம் கேட்டதும், சாமி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறம்ங்க…" என்பார். எந்த மனிதனால் இல்லை என்று சொல்ல முடியும்?

இவ்வளவு சாமர்த்தியமும் கம்பெனிப் பணத்துக்குத்தான். மச்சினன் கைமாற்றாக வாங்கிப்போன ஐயாயிரம் நாலு தீபாவளியைப் பார்த்துவிட்டது. மனைவி கேட்கச் சொன்னால், "சொந்தக்காரங்ககிட்ட எப்படிக் கேக்கறது?" என்று நெளிவார்.

இவருக்கு அடுத்த நாற்காலி பேயபிள்ஸ், அதாவது கம்பெனி தரவேண்டிய பணத்தைத் தராமல் பார்த்துக்கொள்கிறவர். இவர், "திங்கக்கிழமைன்னு சொன்னீங்களேங்க" என்று ஒரு போனில் கெஞ்சும்போதே, அடுத்த நாற்காலியில், "திங்கக்கிழமை போட்டு உட்டர்றனுங்க" என்று சரக்கு கொடுத்த ஃபவுண்ட்ரிக்காரருக்கு உறுதிமொழி போய்க்கொண்டிருக்கும். குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி என்று 2006ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்டு ஃபவுண்ட்ரிக்காரரிடமிருந்து இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. எழுதினால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்குத் தெரியும். 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டி நிற்கிற இந்தப் பாக்கியைக் கொடுக்கிற வருஷத்தில்தான் வருமானவரிக்குச் செலவாகக் காட்டலாம் என்று வந்தபிறகு, மார்ச் மாதத்தில் மட்டும் பேயபிள்ஸ்காரர் தானாகப் போன் போடுகிறார்: "உங்ககிட்ட உத்யம் சர்டிபிகேட் இருக்குங்களா? நீங்க சிறுவா, நடுத்தரமா?" ஃபவுண்ட்ரிக்காரர், சிறு என்றால் பணம் வரும் என்று புரிந்துகொண்டு அதிசிறியவராகிவிடுகிறார்.

இரண்டு நாற்காலிக்கும் சண்டை உண்டா என்றால், இல்லை. மத்தியானம் ஒரே டிபன் கேரியரைத் திறந்துவைத்துத் தொழில்நுட்பம் பரிமாறிக்கொள்வார்கள். டீலர்களிடம் இவர் கேட்டுவந்த புதுச் சாக்கு, மறுநாளே பேயபிள்ஸ் வழியாக ஃபவுண்ட்ரிக்குப் போய்விடும். பெங்களூரில் தூங்குகிற பையன் அப்படித்தான் கம்பெனிக்குள் வந்தான்.

இப்போது முதலாளியின் மகன் எம்.பி.ஏ. முடித்து வந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருக்கிறார். கெடு முடிந்த ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று அது தானாகவே ஆங்கிலத்தில் மெயில் அனுப்பும். இனி மனிதர் போன் போட்டு முட்டிவலி விசாரிக்கவேண்டியதில்லை என்றார்கள். கலெக்‌ஷன் சாரும் ஒரு மாதம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் தாராபுரம் டீலரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, போனையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாருக்கேனுங்க. அதான் கம்ப்யூட்டர்ல மெயில் வருதுங்களே."

"அது எல்லாக் கம்பெனியிலிருந்தும் வருதுங்க. நீங்க கேக்கலீன்னதும், உங்களுக்கு அவசரம் இல்லையாட்ட இருக்குதுன்னு பைப் கம்பெனிக்காரருக்குக் கொடுத்து உட்டேன். பாவம், காலைலருந்து டீயக் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தாருங்க."

விஷயம் காதுக்குப் போனதும் மகன் சாஃப்ட்வேரை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தவர் கலெக்‌ஷன் சார்தான். மெயில் போன பத்தாவது நிமிஷம் அவர் இப்போது போனை எடுத்துவிடுகிறார்.

"வணக்கமுங்க. நம்ம கம்ப்யூட்டரு என்னமோ மெயில் அனுப்பிருச்சாமா. அதுக்கு மட்டு மரியாதை தெரியாதுங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க… அப்புறம்ங்க…"